காணாமற்போன பொதிக்கு யார் பொறுப்பு?

பொருளை அனுப்பியவரும் பொய் சொல்லவில்லை. பொருள் வந்து சேரவில்லை என்பவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் இருவருக்குமிடையே பெரும் வழக்கு மூண்டுவிடுகின்றது. கடையிலே நேருக்கு நேர் நின்று பொருள் வாங்கும்போது இத்தகைய வழக்கு எழுவதற்கு இடமில்லை. ஒரு கையாற் பணம் போகின்றது. மறு கையாற் பொருள் வருகின்றது. இடையிலே காலமும் இல்லை, தூரமும் இல்லை, மூன்றாம் ஆளும் இல்லை. இணையவழி விற்பனையிலோ இம்மூன்றும் உண்டு. பணம் ஒரு நாளிற் போகின்றது. பொருள் வேறொரு நாளில் வருகின்றது. இரண்டுக்கும் நடுவே, விற்பவரும் வாங்குபவரும் முகமறியாத பலருடைய கைகளுக்கு அது மாறுகின்றது. அக்கைகளுள் ஏதோ ஒன்றிலே பொதி தவறிவிடுமாயின், அந்த நட்டத்தைத் தாங்க வேண்டியவர் யார் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

சாவகச்சேரியிலுள்ள ஒரு பெண் பனையோலையாற் பெட்டிகள் இழைத்து இணையத்திலே விற்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். இலண்டனிலிருந்து ஓர் அம்மையார் ஆறு பெட்டிகளுக்குக் கட்டளை கொடுக்கின்றார். விலையையும் தபாற் செலவையும் கடனட்டை மூலம் முன்கூட்டியே செலுத்திவிடுகின்றார். பெட்டிகள் பொதிசெய்யப்பட்டுத் தபாற்கந்தோரிற் கொடுக்கப்படுகின்றன. நாற்பது நாட்கள் சென்றும் இலண்டனுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. “பொருள் வரவில்லை, பிள்ளை, என் பணத்தைத் திருப்பித் தாரும்” என்கின்றார் அம்மையார். “நான் அனுப்பிவிட்டேன், அம்மா, தபாற்கந்தோர்ப் பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கின்றது, இதற்குமேல் நான் என்ன செய்வது?” என்கின்றார் விற்றவர். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், பல நாள் இருந்து இழைத்த பெட்டிகளும் இல்லை, கூலியும் இல்லை. தபாற் செலவும் கைக்காசிலிருந்து போய்விடும். கொடுக்காவிட்டால், விலை செலுத்தியும் வெறுங்கையோடு நிற்பவர் அம்மையார்.

இந்த வழக்கைப் பேசும்போது பலரும் ஒரே வினாவைக் கேட்பதாக எண்ணிக்கொண்டு மூன்று வினாக்களைக் கலந்து குழப்புகின்றனர். பொதி தொலைந்த நேரத்தில் அதன் நட்டத்துக்குரியவர் யார் என்பது ஒரு வினா. நடந்ததை நிரூபிக்கத்தக்க சான்று யாரிடம் உண்டு என்பது வேறொரு வினா. இந்த நிமிடத்திற் பணம் யார் கையில் இருக்கின்றது என்பது மற்றொன்று. சட்டநூல்கள் முதலாவது வினாவுக்கே விரிவாக விடை கூறுகின்றன. ஆனால் இணையச் சந்தையில் வழக்கைத் தீர்த்துவைப்பவை பெரும்பாலும் மற்றை இரண்டுமே.

சட்டத்தை முதலிற் பார்ப்போம். இலங்கையிலே பொருள் விற்பனையை ஆள்வது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம். அதற்கு முன்னர் இத்துறையில் உரோம ஒல்லாந்தச் சட்டம் நிலவியது. அப்பழைய சட்டத்தின்படி, பேரம் முற்றுப்பெற்றவுடனேயே பொருளுக்கு நேரக்கூடிய ஆபத்து வாங்கியவரைச் சார்ந்துவிடும். விலை பேசி முடித்த மாடு, கையளிக்கப்படுமுன் விற்றவருடைய தொழுவத்திலேயே நோயுற்று இறந்தாலும், விற்றவர்மீது தவறு இல்லையெனின், வாங்கியவர் விலையைக் கொடுத்தேயாக வேண்டும். இது நமது காதுக்குக் கொடுமையாகவே ஒலிக்கின்றது.

1896ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் இங்கிலாந்திலே 1893இல் இயற்றப்பட்ட சட்டத்தைப் பெரும்பாலும் அடியொற்றியது. அதன் அடிப்படை விதி, உடைமை யாருடையதோ ஆபத்தும் அவருடையதே என்பதாகும். இன்னும் இழைக்கப்படாத, அல்லது இழைத்த பலவற்றுள் இன்னது என்று பிரித்து வைக்கப்படாத பெட்டியின் உடைமை வாங்குபவருக்கு மாறுவதில்லை. அதனைப் பொதிசெய்து, அவர் பெயரை எழுதி, அவரிடம் சேர்க்குமாறு ஏற்றிச்செல்பவர் ஒருவரிடம் ஒப்படைக்கும்போது உடைமையும் அதனோடு ஆபத்தும் பொதுவாக மாறிவிடுகின்றன. அதுமட்டுமன்று. வாங்குபவருக்கு அனுப்பும்படி ஏற்றிச்செல்பவரிடம் பொருளைக் கொடுப்பது, வாங்குபவரிடமே கையளித்தமைக்கு ஒப்பாக முதற்றோற்றத்திற் கருதப்படும் என்றும் அச்சட்டம் கூறுகின்றது. இவ்விதியை மட்டும் கொண்டு நோக்கினால், சாவகச்சேரிப் பெண்ணின் கட்சியே வலிமையுடையது.

ஆயின் அதே சட்டம் ஒரு நிபந்தனையும் வைத்திருக்கின்றது. பொருளின் தன்மையையும் பிற நிலைமைகளையும் எண்ணிப் பார்த்து, தக்க முறையிலான ஏற்பாட்டையே விற்பவர் ஏற்றிச்செல்பவரோடு செய்துகொள்ள வேண்டும். அவர் அவ்வாறு செய்யாமல் விட்டுப் பொருள் தொலைந்தாலோ பழுதுபட்டாலோ, ஏற்றிச்செல்பவரிடம் கொடுத்ததைத் தம்மிடம் கொடுத்ததாக ஏற்க முடியாது என்று வாங்குபவர் மறுக்கலாம். பதிவுத்தபாலுக்கென்று பணம் வாங்கிக்கொண்டு, சில நூறு ரூபாவை மிச்சம் பிடிப்பதற்காகச் சாதாரணத் தபாலில் அனுப்பியவருக்கு இச்சட்டம் துணை நிற்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். இவ்விதிகள் யாவும் வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மாத்திரமே செல்லும். “பொதி உங்கள் கையிற் சேரும்வரை பொறுப்பு எம்முடையது” என்று விற்பனை அறிவித்தலில் ஒரு வரி எழுதிவிட்டால், சட்டத்தின் பொதுவிதியை அவ்வரி மாற்றிவிடும். தம் அறிவித்தல்களிலே கவர்ச்சிக்காக இத்தகைய வரிகளைச் சேர்த்துக்கொள்வோர் அதன் எடையை அறிந்தே சேர்க்க வேண்டும்.

பொருளை இன்னும் கண்ணாற் காணாதவர் தலையில் ஆபத்தைச் சுமத்தும் இவ்விதி எவ்வாறு தோன்றியது? கப்பல் வாணிகத்தை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். கொழும்பிலிருந்து தேயிலை வாங்கும் இலண்டன் வணிகர் ஏதுமறியாத ஒருவர் அல்லர். கடலின் ஆபத்தை அறிந்தவர். காப்புறுதி செய்துகொள்ளத் தெரிந்தவர். கப்பலில் ஏற்றியதற்குச் சான்றான பத்திரமும் காப்புறுதிப் பத்திரமும் அவரிடம் வந்துவிட்டால், கப்பல் கரை சேராவிட்டாலும் அவருக்கு நட்டமில்லை. 1919இல் இங்கிலாந்து நீதிமன்றமொன்று, விலை, காப்புறுதி, கப்பற்கூலி மூன்றும் அடங்கிய விற்பனையொன்றிலே, கப்பல் மூழ்கிவிட்டதை அறிந்த பின்னரும் விற்றவர் பத்திரங்களைக் கொடுத்து விலையைப் பெற உரிமையுடையவர் என்று தீர்ப்பளித்தது. வணிகருக்கும் வணிகருக்கும் இடையே இது சீரான முறையே. இந்த ஏற்பாட்டை, ஒரேயொரு பனையோலைப் பெட்டி வாங்கும் ஒருவர்மீது அப்படியே போர்த்துவதுதான் பொருந்தாது.

தபால்வழி வாணிகத்தை வளர்த்தவர்கள் இதனை வேளையோடு உணர்ந்துகொண்டனர். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1872ஆம் ஆண்டு மொன்ற்கொமெரி உவோட் என்பவர் விலைப்பட்டியலை அச்சிட்டு நாட்டுப்புறத்து விவசாயிகளுக்கு அனுப்பி வாணிகந் தொடங்கினார். 1875இல் அவர், திருப்தியில்லையெனிற் பணத்தைத் திருப்பித் தருவதாக வாக்களித்தார். அவ்வாறு வாக்களிக்கச் சட்டம் அவரை வற்புறுத்தவில்லை. முகமறியாத ஒருவருக்கு முன்பணம் அனுப்பும் விவசாயியின் அச்சத்தைப் போக்காமல் வாணிகம் நடவாது என்பதை அவர் கண்டுகொண்டார்.

வழக்கம் முன்னே போகச் சட்டம் பின்னே வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் வெளியிட்ட நுகர்வோர் உரிமைக் கட்டளையும், பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டமும் ஆபத்தின் திசையையே மாற்றிவிட்டன. வணிகர் ஒருவர் நுகர்வோருக்குப் பொருள் அனுப்பினால், அது நுகர்வோரின் கையிலோ அவர் குறித்த ஒருவரின் கையிலோ உண்மையாகச் சேரும்வரை ஆபத்து வணிகருடையது. வணிகர் தெரிவிக்காத ஓர் ஏற்றிச்செல்பவரை நுகர்வோர் தாமாகவே அமர்த்திக்கொண்டால் மட்டும் இது பொருந்தாது. நமது கட்டளைச்சட்டத்துக்கு மூலமாயிருந்த நாடே நுகர்வோர் மட்டிற் பழைய விதியைக் கைவிட்டுவிட்டது. நாம் இன்னும் 1896ஆம் ஆண்டின் வாசகத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு நிற்கின்றோம்.

எனது கருத்தில், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே வைத்துப் பார்த்தால், நட்டத்தை விற்பவர் தாங்குவதே முறை. தபாலா கூரியரா என்று தெரிந்தெடுப்பவர் அவர். பொதியைக் கட்டுபவர் அவர். பற்றுச்சீட்டு இருப்பது அவர் கையில். ஏற்றிச்செல்பவரிடம் வழக்காடும் தகுதியும் அவருக்கே உண்டு. நூறு பொதி அனுப்புபவர் ஒன்று தொலைந்தால் அதன் நட்டத்தை மற்றைத் தொண்ணூற்றொன்பதின் விலையிலே சிறிது சிறிதாகச் சேர்த்துவிடலாம். ஒன்றே ஒன்று வாங்கியவர் அதனை எதன்மேல் ஏற்றுவார்? ஆயினும் மாதத்துக்கு நாலைந்து பெட்டிகள் விற்பவரிடம் போய் இந்தக் கணக்கைச் சொல்வதற்கில்லை. நட்டத்தைப் பரப்புவதற்கு அவரிடம் தொண்ணூற்றொன்பது பொதிகள் இல்லை. பதிவுத்தபாலோ காப்புறுதித்தபாலோ அவருக்கு வெறும் வசதியன்று. முதலைக் காக்கும் வேலி. அதன் செலவை முதலிலேயே விலையிற் சேர்த்துக் கூறுவதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

இனிப் பணத்தைப்பற்றிப் பார்ப்போம். தபாலிலே தொலைவது பொருள் மட்டுமன்று. முற்காலத்திற் பணமும் தொலைந்தது. 1886இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. தமக்குரிய பணத்துக்குக் காசோலை அனுப்புமாறு கடன் கொடுத்தவர் கடிதம் எழுதினார். கடன்பட்டவரும் அவ்வாறே தபாலிற் காசோலை அனுப்பினார். வழியில் அது களவுபோயிற்று. தபாலில் அனுப்பும்படி கேட்டது கடன் கொடுத்தவரே என்று கொள்ளத்தக்கதாக அவர் கடிதம் இருந்தமையால், அனுப்பியவுடனேயே கடன் தீர்ந்ததாகத் தீர்ப்பாயிற்று. வழியைத் தெரிந்தெடுத்தவரே வழியின் ஆபத்தைத் தாங்கவேண்டும் என்னும் நியாயத்தை இத்தீர்ப்பிலே காண்கின்றோம். சற்றுமுன் நான் பொருளைப்பற்றிச் சொன்னதும் இதே நியாயந்தான்.

கடனட்டை வந்தபின் நிலைமை வேறாயிற்று. அமெரிக்காவில் 1974இல் இயற்றப்பட்ட நியாயமான கடன்பட்டியற் சட்டம், உடன்பட்டபடி ஒப்படைக்கப்படாத பொருளுக்குரிய தொகையைத் தம் கணக்கிற் பற்றெழுதக்கூடாது என்று அட்டைக்காரர் மறுப்பதற்கு உரிமை கொடுத்தது. பிரித்தானியாவிலும் அதே ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுணுக்கு மேற்பட்டு 30,000 பவுணைத் தாண்டாத விலையுள்ள பொருளுக்கு, அட்டை வழங்கிய நிறுவனத்தையும் விற்றவரோடு சேர்த்துப் பொறுப்பாக்குகின்றது. இவற்றுக்குப் புறம்பாக, அட்டை நிறுவனங்கள் தம்முள் வகுத்துக்கொண்ட விதிகளும் உண்டு. பொருள் கிடைக்கவில்லையென்று வாங்கியவர் தமது வங்கிக்கு அறிவித்தால், அவ்வங்கி விற்றவருடைய வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். இலண்டன் அம்மையார் சாவகச்சேரிக்கு ஒரு கடிதமும் எழுதவேண்டியதில்லை. ஒருநாட் காலையில் விற்றவருடைய கணக்கிலே பணம் குறைந்திருக்கும். கூடவே வங்கிக் கட்டணமும் கழிக்கப்பட்டிருக்கும். அதன்பின் சான்று காட்டிப் பணத்தை மீட்கவேண்டியது விற்றவரின் பாடு.

இணையச் சந்தைகள் இன்னொரு வழியைக் கண்டன. நமது ஊர்களில் இருவர் பந்தயம் கட்டும்போது பணத்தைப் பொதுவான ஒருவரிடம் கொடுத்துவைப்பதில்லையா? அதே முறைதான். சீனாவிலே தாவோபாவோ என்னும் இணையச் சந்தைக்கென 2003இல் தொடங்கப்பட்ட அலிபே, வாங்குபவரின் பணத்தைத் தன்னிடம் நிறுத்திவைத்து, பொருள் கிடைத்தது என்று அவர் உறுதிசெய்த பின்னரே விற்றவருக்கு விடுவித்தது. ஒருவரையொருவர் நம்பாத இருவரை வாணிகம் செய்யவைத்தது இந்த நடுவர் முறையே. ஈபே, பேபால் முதலியவை பணத்தை விற்றவரிடம் சேர்த்தாலும், வழக்கு வந்தால் அதனைத் திருப்பி எடுக்கும் அதிகாரத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டன. பேபாலில், பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாட்களுள் வாங்கியவர் முறையிடலாம். பணம் வந்துவிட்டதென்று மகிழ்ந்து அதனை ஓலைக்கும் சாயத்துக்கும் செலவு செய்துவிட்ட விற்பனையாளர், அரை ஆண்டுக்குப் பின்னும் அதனைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வரலாம் என்பதை மனத்திற்கொள்ள வேண்டும்.

இந்த நடுவர்கள் 1896ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தைப் படிப்பவர்கள் அல்லர். அவர்கள் சாட்சிகளை அழைப்பதில்லை. இருவரையும் நேரில் வைத்து விசாரிப்பதுமில்லை. பொதியின் இலக்கத்தைப் பார்க்கின்றனர். அது எங்கே கடைசியாகப் பதியப்பட்டது என்று பார்க்கின்றனர். அனுப்பிய முகவரி அவர்களிடமுள்ள முகவரியோடு ஒத்திருக்கின்றதா என்று பார்க்கின்றனர். அவ்வளவே. நீதிமன்றத்திலே நல்ல கட்சியையுடைய ஒருவர் இங்கே ஒரேயடியாய்த் தோற்றுப்போவதற்குக் காரணம் இதுவே. விரைவிலே முடிவு கிடைக்கின்றது என்பதற்காக இதனைப் புகழ்வோர் உளர். பிழையான முடிவு விரைவாகக் கிடைப்பதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. எனினும் விதி இதுவாயிருக்க, அதனை அறிந்து நடப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆதலாற் பொதியின் இலக்கத்தைப்பற்றிச் சிறிது விரிவாகவே சொல்கின்றேன். வெளிநாடு செல்லும் பதிவுத்தபாலுக்கும் பொதிகளுக்கும் உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த ஒரே அமைப்பிலான பதின்மூன்று குறிகள் உண்டு. முதலில் இரண்டு ஆங்கில எழுத்துக்கள். பின்னர் ஒன்பது எண்கள். இறுதியில் அனுப்பும் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துக்கள். இலங்கைக்கு எல், கே என்பன. முதலெழுத்து ஆர் ஆயின் பதிவுத்தபால். சி ஆயின் பொதித்தபால். ஈ ஆயின் கடுகதித்தபால். ஒன்பது எண்களுள் முதல் எட்டே தொடரிலக்கம். ஒன்பதாவது, அவ்வெட்டையும் குறித்த எண்களாற் பெருக்கிக் கூட்டிக் கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு எண். எழுதுபவர் ஒரு எண்ணை மாற்றி எழுதிவிட்டாற் பெரும்பாலும் கணக்கு ஒவ்வாது. கணினி பிழையை உடனே காட்டிவிடும். இந்த இலக்கம் இல்லாத சாதாரணப் பொதி, தபாற்பெட்டியுள் விழுந்ததன்பின் எவர் கண்ணுக்கும் தனியாகத் தெரிவதில்லை. அது தொலைந்தால், எங்கே தொலைந்தது என்று கேட்பதற்கே வழியில்லை.

இலக்கம் இருந்தும் வழக்கில் தோற்பவர்கள் உண்டு. அதற்கு முதற் காரணம் முகவரி. “நான் அடுத்த வாரம் வீட்டில் இல்லை, என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடும்” என்று வாங்குபவர் தனிச்செய்தி அனுப்புகின்றார். விற்பவரும் நல்ல மனத்தோடு அவ்வாறே அனுப்புகின்றார். பின்னர் பொருள் வரவில்லையென்று முறையீடு வருமாயின், பணம் செலுத்தும்போது பதிவான முகவரிக்குப் பொதி சென்றதா என்பதே நடுவர் கேட்கும் கேள்வி. தங்கையின் வீட்டுக்குச் சென்ற பொதிக்குப் பேபாலின் விற்பனையாளர் காப்பு கிடையாது. இவ்வாறு கேட்கும் எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்லர். ஆனால் ஏமாற்றுக்காரர் விரும்பும் வழி இது. பழைய கட்டளையை இரத்துச் செய்து, புதிய முகவரியோடு மறுபடியும் பணம் செலுத்தும்படி கேட்பதே பாதுகாப்பானது. மரியாதையாகக் கேட்டால் நேர்மையான எவரும் கோபிக்கமாட்டார். பெறுமதி மிகுந்த பொருளாயின் கையொப்பமும் வேண்டும். 750 அமெரிக்க டொலரும் அதற்கு மேற்பட்டதுமான விற்பனைக்குப் பெறுபவரின் கையொப்பச் சான்றையும் பேபால் கேட்கின்றது.

மற்றொரு காரணம், திரையிலே தோன்றும் ‘சேர்ப்பிக்கப்பட்டது’ என்னும் சொல். இச்சொல் வாங்கியவர் கையிற் பொருள் இருக்கின்றது என்பதற்குச் சான்றன்று. தபாற்காரரோ கூரியர்ப் பையனோ தம் கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினார் என்பதற்கே சான்று. பொதி அயல்வீட்டில் இருக்கலாம்; மாடிவீட்டுத் தொகுதியின் காவலாளியிடம் இருக்கலாம்; படலையடியில் வைத்துவிட்டுப் போக நாய் இழுத்துச் சென்றிருக்கலாம். நடுவரோ பெரும்பாலும் அச்சொல்லையே நம்புகின்றார். இங்கே நட்டப்படுபவர் வாங்கியவர். அவர் உடனே செய்யத்தக்கது, வீட்டாரையும் அயலாரையும் விசாரித்துவிட்டு, ஒப்படைத்த நேரமும் பெற்றவரின் பெயரும் கையொப்பமும் தரும்படி ஏற்றிச்செல்பவரை எழுத்திற் கேட்பதாகும். வெறும் பெட்டி வந்தது, உள்ளே பொருள் இல்லை என்னும் வழக்குகளில் நிறை உதவி செய்யும். தபாற்கந்தோர்ச் சீட்டிலே அனுப்பியபோதிருந்த நிறை பதியப்பட்டிருக்கும். வந்தபோதுள்ள நிறை அதனின் வேறாயிருந்தால், பொருள் வழியிலே எடுக்கப்பட்டிருக்கலாம் என்பதும், ஒத்திருந்தால் பெரும்பாலும் வழியில் எடுக்கப்படவில்லை என்பதும் ஓரளவு தெரியவரும். பொதி கட்டுவதற்கு முன்னும் பின்னும் தராசிலே வைத்துப் படமெடுத்துக்கொள்வது ஒரு நிமிட வேலை.

வெளிநாட்டு விற்பனையைவிட உள்நாட்டு விற்பனையே நம்மிற் பலருக்குப் பழக்கம். அங்கே முறை நேர்மாறானது. பொருளைக் கண்டபின் பணம் என்பதே நம்மவர் விருப்பம். இதுவும் புதியதன்று. சென்னையிலிருந்து நூல்களை வி. பி. பி. யில் வருவித்துத் தபாற்கந்தோரிற் பணம் கட்டிப் பெற்றுக்கொண்ட தலைமுறை ஒன்று இருந்தது. இந்தியாவில் அம்முறை 1877இல் தொடங்கியது. இன்று கூரியர் நிறுவனங்கள் வீட்டு வாசலிலேயே பணத்தைப் பெறுகின்றன. வாங்குபவருக்கு இதனால் முன்பணம் போய்விடும் அச்சம் நீங்குகின்றது. ஆயின் முழு அச்சமும் நீங்குவதில்லை. பணத்தைக் கொடுத்த பின்னரே பொதியைப் பிரிக்கவிடுவது வழக்கம். உள்ளே கந்தற்றுணி இருந்தாலும் கூரியர்க்காரர் அதற்குப் பொறுப்பில்லை. விற்பவரின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்கு அனுப்பிய பொதி வழியிலே தொலைந்தால், வாங்குபவர் ஒரு சதமும் கொடுத்திருக்கமாட்டார். அவருக்கு வழக்கே இல்லை. பொருளை இழந்தவர் விற்பவர் ஒருவரே. அவர் கூரியர் நிறுவனத்திடம் போனால், சீட்டின் பின்புறத்திலே நுண்ணெழுத்தில் அச்சிட்ட நிபந்தனைகளைக் காட்டி, நட்டஈடு இவ்வளவுக்கு மேலில்லை என்பார்கள். அந்த நிபந்தனைகளை முதற் பொதியைக் கொடுக்குமுன்னரே படித்துவிடவேண்டும். பெறுமதியை அறிவித்துக் கூடுதற் கட்டணம் செலுத்தினால் அவ்வரம்பு உயருமா என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாசலிற் பெற்ற பணத்தை எத்தனை நாளில் விற்பவரிடம் சேர்ப்பார்கள் என்பதையும் அதே தாளில் எழுதுவித்துக்கொள்வது நல்லது. பொதி தொலையாமலே பணம் மட்டும் தாமதிக்கும் வழக்குகளும் உண்டு.

பொதி தொலைந்ததாகத் தோன்றியவுடன் முதலிற் செய்யவேண்டியது சண்டையன்று; நாட்களை எண்ணுவது. ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வொரு தவணை உண்டு. ஒன்றுக்காகக் காத்திருக்கும்போது மற்றொன்று கடந்துவிடும். சுங்கத்திலே தடைப்பட்டிருக்கும் பொதி தொலைந்த பொதியன்று; அதனைத் திரையிலே பார்த்தறியலாம். ஈபேயில், பொருள் வந்து சேருமென்று குறித்த கடைசி நாளிலிருந்து 30 நாட்களுள் வாங்கியவர் முறையிடவேண்டும். விற்றவர் மூன்று வேலைநாட்களுள் மறுமொழி கூறவேண்டும். இந்த மூன்று நாட்களில் வாய்திறவாமல் இருந்து தோற்ற விற்பனையாளர் பலர். இலங்கையில் ஒரு வணிகரோடு வழக்குள்ள நுகர்வோர், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, விற்பனை நடந்து மூன்று மாதங்களுள் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். தொகை பெரிதாக இல்லாவிடின், 1988ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபையும் உண்டு. குறித்த ஓர் எல்லைக்குட்பட்ட பணவழக்குகள் நீதிமன்றம் செல்லுமுன் அச்சபைக்குச் செல்லவேண்டும். இருவரையும் ஒரே மேசையில் அமர்த்திக் கேட்கும் இடம் அது. இணையச் சந்தையின் நடுவரிடம் இல்லாத பண்பு அது.

வெளிநாட்டுப் பதிவுத்தபாலோ பொதியோ தொலைந்தால், அனுப்பிய நாளுக்கு அடுத்த நாளிலிருந்து ஆறு மாதங்களுள் தபாற்கந்தோரில் விசாரணைக்கு விண்ணப்பிக்கலாம். உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகளின்படி சாதாரணத் தபாற்பொருளுக்கு நட்டஈடில்லை. பதிவு செய்தவற்றுக்கும் பொதிகளுக்கும் வரையறுக்கப்பட்ட தொகையே உண்டு. காப்புறுதி செய்ததற்கு, அறிவித்த பெறுமதிவரை உண்டு. அந்த நட்டஈட்டைக் கேட்கும் உரிமை பொதுவாக அனுப்பியவருடையது. ஆயினும் அவர் விரும்பினால் அவ்வுரிமையைப் பெறுநருக்கு விட்டுக்கொடுக்கலாம். இதனைப் பலர் அறியார். விற்றவர் பணத்தை முழுமையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நட்டஈட்டைத் தாம் வைத்துக்கொள்வதே நியாயம். பாதியே கொடுக்கமுடிந்தால், மீதிக்காக அவ்வுரிமையை வாங்கியவருக்கு எழுதிக்கொடுத்து வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொள்ளலாம். இவை யாவற்றுக்கும் தபாற்கந்தோர்ப் பற்றுச்சீட்டு வேண்டும். இன்றைய சீட்டுக்களிற் பல, வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் கடதாசியில் அச்சாகின்றன. வெயிலிலோ சட்டைப்பையிலோ சில வாரம் கிடந்தால் எழுத்து மங்கி வெண்தாளாகிவிடும். ஆறு மாத விசாரணைக்குச் சீட்டு வேண்டுமாயின், வாங்கிய அன்றே அதனைப் படமெடுத்து, இலக்கத்தைக் கொப்பியில் மையினால் எழுதி வைத்துவிடவேண்டும்.